யாளி என்ன தின்னும்?

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, பலராமபுரத்துத் தறிகளையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்களைத் தொட்டுத் தொட்டுக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டதனால், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிற குழந்தைகளை இந்த எல்லைக் கிராமங்களில் இன்றும் காணலாம். மொழிகளைப் போலவே சிற்ப மரபுகளும் இங்கே ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவிலுள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் கல் மண்டபங்கள் ஒரு மரபு. ஓட்டுக் கூரையும் மர வேலைப்பாடும் கொண்ட கேரளத்து ஸ்ரீகோயில்கள் மற்றொரு மரபு. இரண்டிலும் குடியிருக்கும் விநோதப் பிராணி யாளி.

கேரள முறையில் எழுந்த கோயிலில், கருவறைக்கு ஏறும் சோபானப் படிகளின் இருபுறமும் கைப்பிடிச் சுவராகச் செதுக்கப்பட்ட யாளியைச் சற்று எட்டி நின்று பார்க்கலாம். பிதுங்கிய உருண்டைக் கண்கள். சுருள் சுருளான பிடரி. உதட்டை மீறி வெளியே நீளும் கோரைப்பல். மூக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து புறப்பட்டு, படிக்குப் படி சரிந்து, தரையை நெருங்கியதும் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும் துதிக்கை. இதைப் பார்க்கும் சிறு குழந்தை தன்னை அழைத்து வந்த கிழவரிடம், "பாட்டா, இது என்னத்தத் திங்கும்?" என்று கேட்கும். இப்படியும் ஒரு பிராணி உலகில் உண்டா என்ற சந்தேகம் அதன் மனத்தில் எழுவதேயில்லை. பல்லைக் கண்டவுடன் இரையைப் பற்றிய கேள்வி பிறந்துவிடுகிறது. பிராணி சாஸ்திரத்தில் ஊறிய பேராசிரியர் ஒருவர் பழக்கமில்லாத மண்டையோடு ஒன்றைக் கையிலெடுத்தால் முதன்முதலில் கேட்கும் கேள்வியும் இதுவேயாகும்.

இல்லாத பிராணிகளுக்கு இயற்கை வரலாறு எழுதி, அவற்றின் எலும்பையும் குட்டியையும் காலடித் தடத்தையும் உணவையும் உறைவிடத்தையும் சித்திரங்களோடு வெளியிடும் நூல்கள் உலகத்தில் பல உண்டு. அவற்றைக் கையிலெடுத்தவர்கள், வயது எதுவாயினும், எளிதில் கீழே வைப்பதில்லை. அந்த வசீகரத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால், கற்பனை சிறகடித்துப் பறப்பதனால் என்று பலர் சொல்லக்கூடும். என் அபிப்பிராயம் வேறு. கற்பனை தன் இஷ்டம்போல் பறப்பதைப் பார்ப்பதற்குப் புராணங்களே போதும். இந்நூல்களில் நாம் அனுபவிப்பது, அந்தக் கற்பனை உடம்பின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, மூச்சு விடவும் இரை தேடவும் குட்டி வளர்க்கவும் வழி கண்டாக வேண்டிய நிர்ப்பந்தத்தில் எவ்வளவு சாமர்த்தியமாக நடந்துகொள்கிறது என்ற காட்சியையே.

யாளிக்கு இத்தகைய வரலாறு எழுதும் முயற்சி நம் நாட்டில் பழமையானது. சங்கச் செய்யுட்களில் ஆளி என்றும் யாளி என்றும் பேசப்படும் அது, யானையையே வீழ்த்தி அதன் கொம்பைப் பறிக்கும் வலிமையுடைய காட்டு விலங்காக வருகிறது. அதாவது, அதற்கு இரையும் இடமும் அப்போதே வகுக்கப்பட்டிருந்தன. பதினொன்றாம் நூற்றாண்டில் தாரா நகரத்துப் போஜராஜனின் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்னும் சிற்ப நூல், வியாளங்களைப் பதினாறாக வகைப்படுத்துகிறது. சிங்கமுகமும் யானைமுகமும் குதிரைமுகமும் நமக்குப் பழக்கமானவை. அந்நூலோ மான், கழுகு, கிளி, சேவல், புலி, ஓநாய், ஆடு, காண்டாமிருகம், பன்றி, எருமை, நாய், குரங்கு, கழுதை ஆகியவற்றின் முகங்களையும் அதே உடம்பின்மேல் ஏற்றிப் பார்க்கிறது. மதுசூதன் டாக்கி 1965இல் வெளியிட்ட வியாள உருவங்களைப் பற்றிய ஆராய்ச்சி நூலைப் படிப்பவர்களுக்கு, ஒரு பேரினத்தின் கீழ் இனங்களை அடுக்கிக் காட்டும் பிராணிநூல் ஆசிரியரின் மனப்பாங்கே அந்தச் சிற்ப சாஸ்திரிகளிடமும் வேலை செய்தது என்பது விளங்கும். உடல் ஒன்று, முகம் பல என்ற விதியை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். விதி என்று ஒன்று வந்துவிட்டால், கற்பனைப் பிராணிக்கும் ஒரு வம்சம் வந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இந்த வேலை கல்லிலிருந்து காகிதத்துக்கு ஏறியது. சூரிச் நகரத்து வைத்தியரான கொன்ராட் கெஸ்னர் 1551ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட விலங்குகளின் வரலாற்றில் மாடும் நாயும் நரியும் இருந்த வரிசையிலேயே ஒற்றைக்கொம்புக் குதிரையும் இடம்பெற்றது. அதே நூலில் இடம்பெற்ற காண்டாமிருகத்தின் படமோ நம் நாட்டோடு நேரான சம்பந்தமுடையது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர், போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்குக்கு அனுப்பிய காண்டாமிருகம், 1515ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோவாவில் கப்பலேறி, அவ்வாண்டு மே மாதத்தில் லிஸ்பன் துறையில் இறங்கியது. அதைக் கண்ணால் காணாத ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானியச் சித்திரக்காரர், நூரம்பர்க்குக்கு வந்த ஒரு கடிதத்தையும் ஒரு கோட்டுச் சித்திரத்தையும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, தோலைப் போர்க் கவசம்போல் தகடு தகடாகப் பிரித்து, தோளின்மேல் இல்லாத சிறு கொம்பு ஒன்றையும் முளைக்கவைத்து மரக்கட்டையில் செதுக்குவித்தார். அந்தப் படம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியப் புத்தகங்களில் உண்மைக் காண்டாமிருகமாகவே உலாவியது. கிளாரா என்று பெயரிடப்பட்ட இந்தியக் காண்டாமிருகம் 1741இல் கரையிறங்கி ஊர் ஊராகப் பார்வைக்கு வைக்கப்பட்ட பின்னரே அதன் செல்வாக்குத் தளர்ந்தது. உள்ள பிராணி ஒன்று சித்திரத்தின் பலத்தால் பாதி கற்பனையாகிவிட்ட கதை இது.

எதிர்த்திசையிலும் நடந்ததுண்டு. 1735இல் ஹாம்பர்க் நகரத்துப் பெருந்தனக்காரர் ஒருவரிடம் ஏழு தலை நாகம் ஒன்று பதப்படுத்தப்பட்ட நிலையில் இருந்தது. பெரும் விலைக்குப் போகும் என்று எதிர்பார்க்கப்பட்ட அதை ஸ்வீடன் நாட்டு இளைஞரான லின்னேயஸ் பார்த்தார். தாடைகளும் பாதங்களும் மரநாய்க் குடும்பத்துச் சிறு விலங்குகளுடையவை, அவற்றின்மேல் பாம்புத்தோல் ஒட்டப்பட்டிருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது பற்களின் சாட்சியத்தால். அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரேலியாவிலிருந்து வாத்தின் அலகும் நீர்நாயின் உடலும் கொண்ட ஒரு தோல் லண்டனுக்கு வந்தபோது, அதை 1799இல் விவரித்த ஜார்ஜ் ஷா, யாரேனும் ஒட்டுப்போட்டுச் செய்த மோசடியோ என்று சந்தேகிக்கும் நிலை ஏற்பட்டது. ஆனால் அந்தப் பிராணி உண்மையானது. இன்றும் நீரில் நீந்திக்கொண்டிருக்கிறது.

படங்களின் சக்தியைப் பற்றி எண்ணும்போது, மலையாளக் கரையில் பிறந்த ஒரு மகத்தான நூலை நினைக்காமல் இருக்க முடியாது. கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களையும் துணையாகக் கொண்டு தொகுத்து, 1678க்கும் 1693க்கும் இடையில் ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சேறிய ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ், இந்த நாட்டுச் செடிகொடிகளின் சித்திரக் களஞ்சியம். இலையின் மேற்புறமும் அடிப்புறமும் தெரியும்படி ஒன்றைத் திருப்பிக் காட்டுவது, பூவைத் தனியே பிரித்து வைப்பது, காயைக் குறுக்கே வெட்டி விதையின் வரிசையைக் காட்டுவது, மேலே பல எழுத்துகளில் பெயரைப் பொறிப்பது என்று இத்தகைய தாவரப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. குறுக்கே வெட்டப்பட்ட காயைப் பார்க்கும் வாசகர், வரைந்தவர் கையில் அந்தக் காய் இருந்தது என்று கேளாமலேயே நம்பிவிடுகிறார். 1976இல் இத்தாலியில் லியோ லியோன்னி என்ற ஓவியர் இல்லாத தாவரங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியபோது, மறுக்க முடியாத அந்த இலக்கணத்தையே கடன் வாங்கினார். ஒரு சித்திரத்தில் கற்பனை எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவு கண்டிப்பாகக் குறுக்குவெட்டும் அளவுகோலும் இருந்தாக வேண்டும் என்பதை இக்கலையில் தேர்ந்தவர்கள் அனைவரும் அறிவார்கள்.

இவ்வகை நூல்களில் என் மனத்துக்கு மிக உகந்தது, ஹெரால்ட் ஸ்டும்ப்கே என்ற புனைபெயரில் கெரோல்ஃப் ஸ்டைனர் என்னும் ஜெர்மானியப் பிராணிநூல் பேராசிரியர் 1957இல் வெளியிட்ட மூக்குநடையர்களின் வரலாறு. பசிபிக் கடலில் தனித்துக் கிடந்து, பின்பு அணுகுண்டுச் சோதனையொன்றில் மூழ்கிப்போன தீவுக் கூட்டமொன்றில், காலுக்குப் பதிலாக மூக்கைக் கொண்டு நடமாடும் பாலூட்டிகள் பெருகிக் கிளைத்திருந்தன என்பது அந்நூலின் கற்பனை. ஒன்று மூக்கை ஊன்றிப் பின்னோக்கித் துள்ளும். ஒன்று மூக்கிலிருந்து நீண்ட சளியிழைகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு நுண்ணிய பிராணிகளைப் பிடித்துத் தின்னும். மற்றொன்றின் மூக்கு மலரைப்போல் விரிந்து பூச்சிகளை ஈர்க்கும். மூக்கால் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த மூக்குக்குள் எலும்பு உண்டா, மூச்சு எந்த வழியாகப் போகிறது, பயன்பாடிழந்த பின்னங்கால்கள் என்னவாயின என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ஸ்டைனர் ஒன்றையும் தட்டிக்கழிக்காமல் படத்தோடு விடையளிக்கிறார். கலாபகஸ் தீவுகளில் டார்வின் கண்ட குருவிகளைப்போல், ஒரே மூதாதையின் சந்ததி வெவ்வேறு பிழைப்புகளுக்கேற்ப உருமாறிப் பரவும் பரிணாம விதியை இதைவிட ரசமாகக் கற்பிக்கும் பாடநூலை நான் அறியேன். 2015இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பன்றிமூக்குடைய புதிய எலியொன்றைக் கண்டறிந்தவர்கள், அதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் ஸ்டும்ப்கேயின் பெயரைச் சேர்த்தார்கள். உலகில் இல்லாத ஆசிரியருக்கு உலகில் உள்ள எலி கிடைத்தது. ஸ்காட்லாந்து நாட்டுப் புவியியலாளர் டூகல் டிக்சன் 1981இல் எழுதிய நூலோ, மனிதன் அழிந்து ஐந்து கோடி ஆண்டுகளுக்குப் பின் வரும் பிராணிகளைக் காட்டுகிறது; மான்போல் நெடுங்கால் பெற்ற முயல்களும், திமிங்கிலத்தின் இடத்தைப் பிடித்த பென்குயின்களும் அதில் உண்டு.

யாளியை இந்தக் கண்ணால் பார்ப்போம். யானைக்குத் துதிக்கை ஏன் வேண்டியிருக்கிறது? தலை மிகவும் கனமானது, அந்தக் கனத்தைத் தாங்கக் கழுத்து குட்டையாகவும் பருமனாகவும் இருந்தாக வேண்டும், உடலோ உயர்ந்தது. ஆகவே வாய் தரையையும் தண்ணீரையும் எட்டாது. எட்டாத வாய்க்கு எட்டும் கையாக மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டன. சிங்கத்துக்கு இந்தச் சங்கடமே கிடையாது. அதன் கழுத்து வளையும், வாய் இரையை நேரே பற்றும். சிங்க உடம்பில் துதிக்கை இருந்தால் அது பயனற்ற பாரம் மட்டுமன்று. இரையின் கழுத்தைக் கவ்வும் தருணத்தில் வாய்க்கு முன்னே தொங்கி இடைஞ்சலும் செய்யும். மண்டையோட்டைப் பார்த்தால் சிக்கல் இன்னும் வலுக்கிறது. துதிக்கையைத் தாங்கும் மண்டையோட்டில் மூக்குத் துவாரம் முகத்தின் நுனியில் இராமல் மேலே ஏறி நெற்றியை நெருங்கிவிடும், மூக்கெலும்பு குறுகிவிடும், துதிக்கைத் தசைகள் பற்றிக்கொள்ள அகன்ற முகப்பரப்பு வேண்டும். சிங்கத்தின் மண்டையிலோ அந்தப் பரப்பையெல்லாம் முன்னோக்கிய கண்களும், தாடையை இழுத்து மூடும் தசைகளும் தமக்கென எடுத்துக்கொண்டுள்ளன. ஓர் உறுப்பு மாறினால் மற்ற உறுப்புகளும் அதற்கிசைந்து மாறியாக வேண்டும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி கூவியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வற்புறுத்திய தத்துவம் இதுதான்.

அப்படியானால் யாளி அசாத்தியமா? இங்கேதான் இந்த வகைக் கற்பனையின் இன்பம் தொடங்குகிறது. மலாய்க் காடுகளில் வாழும் தாபிரைப்போல், துதிக்கையைச் சிறிதாக்கி, மோப்பம் பிடிப்பதற்கும் பற்றுவதற்கும் உதவும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். கோரைப்பல்லை இரை கொல்வதற்கென்று கொள்ளாமல், கஸ்தூரி மானின் பல்லைப்போல் ஆண்கள் தமக்குள் சண்டையிடுவதற்கென்று கொள்ளலாம். அவ்வாறு கொண்டால் யாளி தழைதின்னியாகிவிடுகிறது; குழந்தையின் கேள்விக்கும் எதிர்பாராத விடை கிடைத்துவிடுகிறது. யானையைக் கொல்லும் பயங்கர விலங்கு என்று புகழ்ந்த புலவர்கள் இதை ஒப்பமாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக் காட்டாத சிற்பி நமக்கு இந்தச் சுதந்திரத்தை விட்டுவைத்திருக்கிறார்.

பறக்கும் பிராணிகளுக்கு வரும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. இந்த ஊர்களின் குளங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மேலே வட்டமிடும் கிருஷ்ணப்பருந்தையே கருடன் என்று நம் மக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதன் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. சிறகை விரித்தால் நுனிக்கு நுனி சுமார் நான்கு அடி. அதன் உருவத்தை மாற்றாமல் நீள அகல உயரங்களை மட்டும் பத்து மடங்காக்கினால், சிறகின் பரப்பு நூறு மடங்காகும். எடையோ ஆயிரம் மடங்காகி ஐந்நூறு கிலோவை எட்டும். சிறகின் ஒவ்வோர் அங்குலமும் முன்னைவிடப் பத்து மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டுமாகையால், விழாமல் பறப்பதற்கே மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேகம் தேவைப்படும். 1638இல் கலிலியோ தம் நூலில், பருத்துப்போன ஓர் எலும்பைப் படமாக வரைந்து விளக்கிய விதி இதுவே. பூமியில் இதுவரை பறந்தவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான குவெட்சால்கோட்லஸ் என்ற ஊர்வனம், முப்பத்தைந்து அடி அகலத்துக்குச் சிறகு விரித்தும், கால் டன் எடையைத் தாண்டவில்லை என்றே மதிப்பிடுகிறார்கள். அலகிலும் நகத்திலும் யானைகளைக் கவ்விச் செல்வதாகச் சிற்பங்களில் காணும் கண்டபேரண்டப் பறவை, தலைக்கு நான்கு டன் வீதம் சுமந்துகொண்டு எந்தக் காற்றில் எழும்பும் என்று கணக்கிட உட்கார்ந்த பள்ளி மாணவருக்குப் பௌதிகம் ஒரு மாலைப் பொழுதில் வசமாகிவிடும்.

சிறகுள்ள விநோதப் பிராணிகளுக்கெல்லாம் பொதுவான இடர் மற்றொன்றும் உண்டு. மீன்களிலிருந்து கிளைத்துக் கரையேறிய முதுகெலும்பிகளுக்கு இரண்டு ஜோடி அவயவங்களே வாய்த்தன. விரல்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் நிலைபெறவில்லை. முப்பத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அகாந்தோஸ்டெகாவின் கையில் எட்டு விரல்கள் இருந்தன. ஆனால் கைகால் நான்கு என்ற திட்டம் மட்டும் அன்று முதல் மாறவேயில்லை. ஆகையால் பறவை தன் கைகளைச் சிறகாக்கிக்கொண்டது. வௌவால் தன் விரல்களை நீட்டித் தோல் போர்த்தது. சிறகு வேண்டுமென்றால் கையை இழந்தாக வேண்டும் என்பதே நியதி. நான்கு கால்களோடு முதுகில் சிறகும் முளைத்த ஐரோப்பியப் பறக்கும் நாகமும், எட்டுக் கால்களோடு சிறகும் பெற்று, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தாராசுரத்துக் கோயிலில் நரசிம்மத்தை அடக்கும் நம் சரபமும் இந்தச் சட்டத்தை மீறியவையே.

ஆயினும், இந்தச் சட்டத்தை மீறாமலேயே நான்கு கால்களையும் இரண்டு சிறகுகளையும் ஒருங்கே பெற்ற பிராணி ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளிலும் அடிவாரத்துக் கமுகுத் தோட்டங்களிலும் வாழ்கிறது என்பதை இந்த நிலத்தின் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அது பறக்கும் ஓணான். வாலையும் சேர்த்து ஒரு சாணுக்குமேல் கொஞ்சம் நீளம். சாம்பலும் பழுப்புமாக மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்கு அகப்படாது. ஆண் ஓணான், கழுத்துக்குக் கீழே மடிந்து கிடக்கும் எலுமிச்சை மஞ்சள் நிறத் தோலைச் சட்டென்று முன்னே நீட்டி, மறுகணம் மடக்கிக்கொள்ளும். அந்த மஞ்சள் மின்னலைக் கண்டுதான் பெரும்பாலும் அதைக் கண்டுபிடிக்க முடியும். மரத்தின்மேல் ஊரும் எறும்புகளே அதன் ஆகாரம். முட்டையிடுவதற்குப் பெண் மட்டும் தரைக்கு இறங்கும். ஒரு கமுகிலிருந்து மற்றொரு கமுகுக்குத் தாவும்போது அதன் விலாவின் இருபுறமும் அரைவட்ட விசிறிகள் விரிகின்றன. அவற்றைத் தாங்குவன கையுமல்ல, விரலுமல்ல. உடம்புக்கு வெளியே நீண்டு வளர்ந்த விலா எலும்புகள். கைகளைத் தொடாமல், மார்புக்கூட்டிலிருந்தே சிறகைச் செய்துகொண்டது இந்தச் சிற்றுயிர். கற்பனை நாகத்தை வரைந்த ஐரோப்பியச் சித்திரக்காரர் ஒருவருக்கேனும் தோன்றாத யுக்தி இது.

இத்தோடும் அந்த அதிசயம் முடியவில்லை. கைகள் சும்மா கிடக்க, விலா எலும்புகளே சிறகை இயக்குகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் டேலிங், கர்நாடகத்து ஆகும்பேயில் இதே இனத்து ஓணான்கள் தாவுவதைப் படமெடுத்துக் கூர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், மரத்தைவிட்டுக் கிளம்பியவுடன் அது தன் கைகளைப் பின்னே கொண்டுபோய், விரிந்த தோலின் முன் விளிம்பை நகங்களால் பற்றிக்கொள்கிறது, அந்தப் பிடியாலேயே காற்றில் திசை திருப்புகிறது, இறங்கும் தருணத்தில் விட்டுவிட்டு மரத்தைப் பற்றுகிறது என்று காட்டினார். கையும் விலாவும் கூடிச் செய்யும் இத்தகைய சிறகு வேறெந்தப் பிராணியிடமும் அதுவரை அறியப்படவில்லை. கமுகேறுபவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த ஓணானின் கை என்ன செய்கிறது என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

கற்பனைக்கும் உண்மைக்கும் இடையேயுள்ள வேலி எவ்வளவு தாழ்ந்தது என்பதற்கு வருடை என்னும் விலங்கே சான்று. சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்தில் கண்டு பாடிய வருடை, செங்குத்தான பாறையில் தடுமாறாமல் ஏறும் மலையாடு. இன்று வரையாடு என்று நாம் அழைத்து, தமிழ்நாட்டின் மாநில விலங்காகப் போற்றுவது அதுவே. நெய்யாறு உற்பத்தியாகும் அகஸ்திய மலைத் தொடரின் புல்வெளிப் பாறைகளிலும் அது மேய்கிறது. அதைக் காணாத பிற்காலத்து நிகண்டுக்காரர்களோ, எட்டுக் கால் சரபத்துக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். உண்மையான ஆடு ஏட்டில் எட்டுக்கால் விலங்காயிற்று. இதற்கு நேர்மாறாக, சிவாலிக் குன்றுகளில் கிடைத்த பிரம்மாண்டமான மண்டையோடு ஒன்றைச் சிவபெருமானின் பெயரால் சிவத்தீரியம் என்று 1836இல் அழைத்த ஃபால்கனரும் காட்லியும், அதன் மூக்கெலும்பு குறுகியிருந்ததைக் கண்டு, குட்டையான துதிக்கை இருந்திருக்கும் என்று கருதினர். நான்கு கொம்பும் துதிக்கையும் கொண்ட அந்த உருவம் ஒரு யாளியேதான்! அது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பின்னர்த் தெளிவானபோது, படத்திலிருந்து துதிக்கை உதிர்ந்துபோயிற்று, கொம்புகள் நின்றுவிட்டன.

தமிழில் இத்தகைய நூல் ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. பி. எல். சாமி சங்க இலக்கியத்தின் விலங்குகளையும் புட்களையும் பிராணி சாஸ்திரத்தோடு பொருத்திப் பார்த்து அடித்தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன்மேல் இல்லாதவற்றையும் அதே சிரத்தையோடு எழுப்பலாம். யாழோசையில் மயங்கிப் பறையோசையில் உயிர்விடும் அசுணத்துக்கு, விலங்கென்பாரும் பறவையென்பாருமாக உடம்பே முடிவாகவில்லை. அதற்கு முதலில் காதை வரைந்து, எந்தச் சுருதி வரை அது கேட்கும், பறையின் தாழ்ந்த அதிர்வு அதன் உட்செவியில் என்ன செய்யும் என்று தீர்மானித்துவிட்டு, பிறகு உடம்புக்கு வரலாம். பாலையும் நீரையும் வேறு பிரிக்கும் என்று சொல்லப்படும் அன்னத்துக்கு அலகின் குறுக்குவெட்டு வேண்டும். வாத்துகளுக்கும் பூநாரைகளுக்கும் அலகின் உள்ளோரத்தில் சீப்புப் பற்களைப்போன்ற தகடுகள் உண்டு. நீரை வெளியேற்றி இரையை நிறுத்திக்கொள்ளும் சல்லடை அது. ஆனால் பாலிலுள்ள கொழுப்புத் துளிகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தவை. புரதத் துகள்கள் அவற்றினும் பன்மடங்கு நுண்ணியவை. எந்த அலகின் சல்லடையிலும் நில்லாமல் நீரோடு நழுவிப் போய்விடும். அப்படியானால் அன்னத்தின் உமிழ்நீரில் புளிப்பு இருக்க வேண்டும்: அது பட்டவுடன் பால் திரிந்து, கட்டி வேறு நீர் வேறாகும், கட்டியைத் தகடுகள் நிறுத்திக்கொள்ளும், தெளிந்த நீர் அலகின் ஓரத்தால் வடிந்துவிடும். அவ்வளவு புளிப்பைத் தாங்கும் நாக்கு எத்தகையது, அந்தச் சுரப்பி தாடையின் எந்த மூலையில் இருக்கும் என்பதைச் சித்திரக்காரரும் விஞ்ஞானியும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதே பக்கத்தில், குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து கூந்தன்குளம் வரை வந்திறங்கும் வரித்தலை வாத்தின் அலகையும் அதே அளவில் வரைந்து வைப்பது நல்லது.